லைட் வாட்ச்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கிய வினோலியா நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ தெருவுக்குள் திரும்பும்போதே மொக்கைச்சாமியின் கடை வாசலில் தொங்கிய சரத்தைப் பார்த்துவிட்டாள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பிள்ளைகள் கையில் கட்டுகிற பிளாஸ்டிக் வாட்ச். பொத்தானை அமுக்கினால் மினுக் மினுக்கென்று லைட் எரியும். கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தில் சீரக மிட்டாய். மகள் ஜோவிட்டாவின் தொண்டையைப் பொசுக்கியதும் இதே வாட்ச்தான்.

“அண்ணே, ஆஸ்பத்திரியில இருந்து போன் போட்டேன்ல? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுர்றேன்னு சொன்னீங்கள்ல?”

மொக்கைச்சாமி வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “புள்ள இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றார்.

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“போடத்தாம்மா போறேன். புள்ளைக கேட்டு அழுகுதுக. நான் வைக்கலேன்னா அடுத்த தெருவுல போயி வாங்குதுக. எத்தன வருசமாக் கடை வச்சிருக்கேன், ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆயிருக்கா? ஏதோ உங்க கெரகம்…”

“கெரகமா?”

அவள் குரலில் ஜோவிட்டா விழித்துச் சிணுங்கினாள். சிணுங்கலும் சத்தமில்லாமல் காற்றாகத்தான் வந்தது. வினோலியாவின் கணவன் ரொனால்டு, கையில் பைகளோடு பின்னால் நின்றிருந்தவன், “வா வினோ, புள்ள வெயில்ல கெடக்கு” என்று அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கையை உதறிக்கொண்டு நடந்தாள்.

அது நடந்த ஞாயிற்றுக்கிழமை வினோலியா வீட்டிலேயே இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. பண்டிகை நெருங்கினால் ஞாயிறும் கடை உண்டு. ரொனால்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறவன். அன்று அவனுக்கு லீவு. சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் மகள் அழுதாள் என்று வாட்சை வாங்கிக் கட்டிவிட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் கண்ணயர்ந்தான். எழுந்தபோது பிள்ளை வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தாள். வாட்ச் இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டிய பேட்டரி இல்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை. சளி என்று நினைத்து நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டான்.

வினோலியா வேலை முடிந்து வந்து ரசஞ்சோறு பிசைந்து ஊட்டினாள். பிள்ளை விழுங்கப் பார்த்துக் கக்கினாள். கக்கியதில் சிவப்பாக ஒரு நூல் ஓடியிருந்தது. அடுத்த நிமிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எக்ஸ்ரே படத்தில் தொண்டைக்குக் கீழே வட்டமாக ஏதோ தெரிந்தது.

“காசை முழுங்கிட்டாளா டாக்டர்?”

“காசா இருந்தா நான் இம்புட்டுப் பயப்பட மாட்டேம்மா. ஓரத்துல ரெண்டு வளையம் தெரியுது பாருங்க. பேட்டரி. ஈரம் பட்டதும் உள்ள வெந்துபோக ஆரம்பிச்சிரும். இங்க வச்சுக்கிட்டு இருக்காதீங்க, மதுரைக்குக் கெளம்புங்க.”

மதுரையில் பிள்ளையை மயக்கி, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். வெள்ளியாக உள்ளே போனது கறுத்து வெளியே வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் புண் ஆற நாளாகும், ஆறுகிறபோது உணவுக்குழாய் சுருங்கிக்கொள்ளலாம், அப்படிச் சுருங்கினால் திரும்பத் திரும்ப வந்து விரித்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். அதுவரை பாலும் வடிகட்டிய கஞ்சியும்தான். ஜோவிட்டாவுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைப் படுக்க வைத்தபிறகுதான் வினோலியா போனைத் திறந்தாள். ‘நம்ம தெரு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் திறந்த சேதி, கேஸ் வண்டி வந்த சேதி, எந்தப் பால் பாக்கெட் காய்ச்சியதும் திரிந்தது என்கிற சண்டை எல்லாம் அதில்தான். அதில் எதிர்வீட்டுப் பானுப்ரியாவின் குரல்பதிவு ஒன்று இருந்தது. போன மாதம்தான் அவள் மகன் பிறந்தநாளுக்கு வினோலியா தன் கடையில் தள்ளுபடி கேட்டுச் சட்டை எடுத்துக் கொடுத்திருந்தாள்.

“பாவம் அந்தப் புள்ள. பெத்தவளுக்குக் காலைல போனா பொழுதுசாயத்தான் வீடு. இருக்குற நேரமும் கையில போனு. நாமெல்லாம் புள்ள வளக்கலையா? கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கணும். அத விட்டுட்டுக் கடைக்காரரு மேல கோவப்பட்டா எப்படி?”

கீழே கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக இருந்தன. ஒருவர் ‘நூத்துக்கு நூறு உண்மை’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அந்தக் காலத்துத் தாய்மார்களைப் பற்றி ஒரு படம் போட்டிருந்தார். பிள்ளையின் அப்பன் எங்கே இருந்தான் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அந்தக் குரலை அவள் மறுபடி ஒருமுறை கேட்டாள். ரொனால்டு அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான்.

“நீங்களும் இந்தக் குழுவுல இருக்கீங்கள்ல? இதக் கேட்டீங்களா?”

கரண்டி நின்றது. “கேட்டேன்.”

“எப்ப?”

“ஆஸ்பத்திரியில வச்சு.”

“கேட்டுட்டு?”

“சனம் நாலும் பேசும் வினோ. அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருந்தா…”

“என்னைய அம்புட்டுப் பேசுறாளுக. அந்த வாட்சை வாங்கிக் கட்டுனது நானா? டிவிய போட்டுட்டுத் தூங்குனது நானா? ஒரு வார்த்த, ‘நான்தான் வீட்ல இருந்தேன்’னு ஒரு வார்த்த போடுறதுக்கு உங்க விரலு வளையலையா?”

அவன் அடுப்பை அணைத்தான். “நானே நொந்துபோயிக் கெடக்கேன்” என்றான்.

“நோவுங்க. நொந்துக்கிட்டே நல்லவனா இருங்க” என்றாள் அவள். பக்கத்து வீட்டு நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டு, “அக்கா, செத்த நேரம் பாப்பாகிட்ட உக்காந்திருங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

பானுப்ரியா கதவருகே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தவழ்கிற பருவத்தில் இருந்த மகள் பவித்ரா தரையில் ஒரு டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகன் முகேஷ்குமார் டிவி பார்த்தான். அவன் மணிக்கட்டில் பச்சை வாட்ச் மின்னிக்கொண்டிருந்தது.

“வா வினோ. பாப்பா எப்படி…”

வினோலியா போனை நீட்டி அந்தக் குரலை ஓடவிட்டாள். தன் குரல் தன் வீட்டுக்குள்ளேயே சத்தமாகக் கேட்டதும் பானுப்ரியாவின் முகம் சுண்டியது. பிறகு கோபம் வந்தது.

“நான் பொதுவாச் சொன்னேன். உன் பேரச் சொன்னேனா?”

“தொண்ட வெந்தது எம்புள்ளைக்கு. பொதுவா யாரச் சொன்ன?”

“இப்ப என்னங்குற? நாங்க புள்ளைகளப் பாத்துக்கிறோம். எம்மகனும்தான் இந்த வாட்சக் கட்டியிருக்கான், முழுங்கிட்டானா? வளப்புன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“முகேசு, இங்க வா அப்பு. அதக் கழட்டிக் குடு.”

அவன் அம்மாவைப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். வினோலியா வாட்சைத் திருப்பி, பின்மூடியின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். திருகாணி எதுவும் கிடையாது. டப்பென்று மூடி தெறித்தது. பேட்டரி துள்ளி விழுந்து தரையில் உருண்டு ஓடியது. பளபளவென்று உருண்டதைப் பவித்ரா பார்த்துவிட்டாள். அடுத்த கணம் டப்பாவை விட்டுவிட்டுத் தவழ்ந்து போய் அதை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

“ஏய்!” என்று பானுப்ரியா அலறிய அலறலில் அவரைக்காய்த் தட்டு கவிழ்ந்தது. பாய்ந்து மகளின் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

“நீ பக்கத்துலதான இருந்த?” என்றாள் வினோலியா. “கையில போனுகூட இல்ல. கண்ணுக்குள்ளதான வச்சிருந்த?”

பானுப்ரியா பேட்டரியை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள். செருப்புக்கூடப் போடாமல் கடையைப் பார்த்து நடந்தாள். வினோலியாவும் பின்னாலேயே போனாள்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். கடை முன்னால் பிள்ளைகளும் கூட்டிப்போக வந்த அம்மாக்களுமாகக் கூட்டம். பானுப்ரியா சரத்தை ஒரே இழுப்பில் அறுத்துக் கல்லாமேல் போட்டாள். “என்னண்ணே விக்கிறீங்க? எமன விக்கிறீங்களா?” என்று கத்தினாள். மொக்கைச்சாமி எழுந்து நின்று, “பொருள்மேல கை வைக்காத. நானா இதச் செஞ்சேன்? லைன்காரன் கடைகடையாச் சரக்கு போட்டுட்டுப் போறான், விக்கிறேன்” என்று அவரும் கத்தினார்.

அவருடைய மனைவி சண்முகவள்ளி உள்ளிருந்து வந்தாள். வினோலியா ஒரு வாட்சை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “மதினி, நீங்களே தொறந்து பாருங்க.” சண்முகவள்ளி முறுக்கவோ நெம்பவோ இல்லை. லேசாக அழுத்தினாள், திறந்துகொண்டது. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே செய்தது, யார் செய்தது, எத்தனை வயசுப் பிள்ளைக்கு என்று எதுவுமே அச்சடித்திருக்கவில்லை. சிரிக்கிற ஒரு பொம்மை முகம் மட்டும் இருந்தது.

“போன்லயே இந்தப் பொண்ணு அழுதுகிட்டுச் சொல்லுச்சுல்ல?” என்று அவள் கணவனைப் பார்த்துக் கேட்டாள். “அதுக்கப்புறமுமா வாசல்ல தொங்கவிட்ட? மனுசனா நீ?”

மொக்கைச்சாமி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, யாரென்று வினோலியாவுக்குத் தெரியாது, ஆற்றாமையோடு சொன்னாள்: “இருந்தாலும் தாயி வீட்ல இருந்திருந்தா இப்படி ஆகுமா?”

வினோலியா திரும்பினாள். சத்தம் கேட்டு வந்திருந்த ரொனால்டு கூட்டத்துக்குப் பின்னால், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“சொல்லுங்க” என்றாள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். “அன்னைக்கு வீட்ல யாரு இருந்தது? எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லுங்க.”

“நான்தான் இருந்தேன். நான்தான் வாங்கிக் குடுத்தேன். தூங்கிட்டேன். அவ கடையில இருந்தா. அவ வந்து பாக்கலேன்னா புள்ள எங்களுக்கு இல்ல.”

அதே அம்மா இரக்கத்தோடு உச்சுக் கொட்டினாள். “பாவம், ஆம்பளைக்கு என்ன தெரியும்? அவருக்கு எப்படித் தெரியும், உள்ள பேட்டரி இருக்குன்னு?”

வினோலியாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இத்தனை நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அடக்கிவைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது.

“எனக்குத் தெரியுமா? பேட்டரி எப்படி வேகும், எப்படி ஓட்ட போடும்னு படிச்சிட்டா நான் பொறந்தேன்? புள்ளையப் பெத்தா எல்லாம் தெரிஞ்சிருமா? அவருக்குத் தெரியலேன்னா பாவம், எனக்குத் தெரியலேன்னா வளப்புச் சரியில்ல! இத விக்கிறவனுக்குத் தெரியல, கொண்டாந்து போடுறவனுக்குத் தெரியல, செஞ்சவன் எவன்னே தெரியல, பெத்தவளுக்கு மட்டும் தெரியணுமா?”

அவளுக்கு மூச்சு வாங்கியது. பானுப்ரியா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, “யாரு வீட்ல எல்லாம் இந்த வாட்ச் இருக்கோ, போயி எடுத்துட்டு வாங்க” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஒரு கட்டைப்பை நிறைந்துவிட்டது. வாட்ச் மட்டுமல்ல, லைட் எரியும் விசில், பாடும் போன் என்று மூடி நிற்காத எல்லாம் வந்து சேர்ந்தன. மறுநாள் லைன்காரன் பிரபு பைக்கில் புதுச் சரத்தோடு வந்தபோது மொக்கைச்சாமியே அவனை இறங்கவிடவில்லை. “இனி இந்தப் பக்கம் கொண்டாந்தீன்னா வண்டியப் புடுங்கிருவேன்” என்றார். எங்கே வாங்குகிறாய் என்று பெண்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, “திருச்சியில ஒரு குடோன், பேரெல்லாம் கெடையாதுக்கா” என்றான் பிரபு. அதற்கு மேல் அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வினோலியாவும் நஜ்முன்னிசாவும் கட்டைப்பையோடு புகார் கொடுக்கப் போனார்கள். முதலில் போன உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இது பொம்மை, எங்களுக்கு மிட்டாய்தான் என்றார்கள். அடுத்த இடத்தில் மிட்டாயோடு வருகிறதே, அங்கேயல்லவா போக வேண்டும் என்றார்கள். வினோலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எந்திரிக்க மாட்டேன் சார். பொம்மையா மிட்டாயான்னு நீங்க பேசி முடிவு பண்ணுங்க. எம்புள்ள எக்ஸ்ரேயை உங்க மேசையிலேயே வச்சிர்றேன், பாத்துக்கிட்டே பேசுங்க.” புகாரை வாங்கிக்கொண்டார்கள். கடைகளைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். இதுவரை யாரும் வரவில்லை. மொக்கைச்சாமி கடையில் இப்போது அந்தச் சாமான் இல்லை. பெரிய ரோட்டுக் கடைகள் இரண்டிலும் இல்லை, தெருப் பெண்கள் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மற்ற இடங்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜோவிட்டாவுக்கு உணவுக்குழாய் சுருங்கத்தான் செய்தது. ஒருமுறை விரித்துவிட்டிருக்கிறார்கள், இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். நனைத்த இட்லியின் நடுப்பகுதி இறங்குகிறது. குரல் பாதி திரும்பியிருக்கிறது.

ஒரு ஞாயிறு துணிக்கடையிலிருந்து வினோலியாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ரொனால்டு மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பால் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தான். டிவி அணைந்திருந்தது.

“நான் பாத்துக்கிறேன்” என்றான். பிறகு, கேட்கலாமா என்று தயங்கி, “இன்னும் கோவமா இருக்கியா?” என்றான்.

“ஆமா” என்றாள் வினோலியா. “மொக்கைச்சாமி அண்ணன் மேலகூட ஆறிருச்சு. உங்க மேல ஆறல. ஆறும்போது சொல்றேன்.”

மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.