கொழுந்தன் குரலில் வந்தவன்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. திருட்டுக் குரலில் ஒருவன் போன் செய்த கதையைச் சொல்கிறேன். முடிவு நல்லபடிதான், பயப்படாமல் கேளுங்கள்.

ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் அறைக்குப் பொறுப்பாக ஒரு நர்ஸ் இருந்தாள். அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் அவள் கொழுந்தன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பட்டவை. அதற்குள் நுழைய நர்சின் கைபேசிக்கு வரும் ரகசிய எண் வேண்டும். அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்று கொழுந்தனே ஊழியர்களுக்குப் பாடமாகப் பேசி, அந்தப் பதிவை இணையத்திலும் போட்டிருந்தான்.

ஒரு நாள் காலை, படுக்கைகள் நிரம்பியிருந்த நேரம், அறையில் தொலைபேசி அடித்தது. கொழுந்தன் குரல்.

"மெஷின்ல கோளாறு. இப்ப உங்க போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க, உடனே சரி பண்ணணும்."

வீட்டுப் பிள்ளைதானே என்று, அவன் சொன்ன பாடத்தை அவன் விஷயத்திலேயே மறந்துபோனாள். பாதி எண்ணைச் சொல்லியும் விட்டாள். வாய் சும்மா இருக்குமா, நடுவில் சீண்டினாள்.

"நேத்து நீ தொட்ட பிரிண்டரே இன்னும் எழுந்திருக்கல. இதையும் படுக்க வைக்கப் போறியா தம்பி?"

"நல்ல கேள்வி. மீதி நம்பரைச் சொல்லுங்க."

அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. அண்ணியிடம் ஒன்று வாங்கினால் இரண்டாகத் திருப்பிக் கொடுக்காமல் கொழுந்தனுக்குச் சோறு இறங்காது. இவனோ பாராட்டுகிறான். போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினாள். கொழுந்தன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப நீ எனக்குப் போன் பண்ணினியா?"

"உங்ககிட்ட நேர்ல வாங்கிக் கட்டிக்கறது பத்தாதா அண்ணி?"

விஷயத்தைச் சொன்னாள். அவன் திரையைப் பார்த்தான், முகம் வெளுத்தது.

"யாரோ உங்க பேர்ல உள்ள வரப் பார்க்கறான். புதுசா வச்ச காவல் புரோகிராம்தான் நம்பர் கேட்டு அவனை நிறுத்தி வச்சிருக்கு. முழுசா சொல்லியிருந்தீங்கன்னா, மெஷின் எல்லாம் அவன் கையில."

படபடவென்று தட்டி அந்த வழியை அடைத்தான். "என்னை மாதிரியே கம்ப்யூட்டரைப் பேச வச்சிருக்கான். என் குரல் அவனுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"உன் பாடத்துலேர்ந்துதான் இருக்கும். அதுல மட்டும்தானே நீ மரியாதையா பேசியிருக்க."

அவன் சிரித்தான், ஆனால் டீயைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அறைக்குத் திரும்பினாள். மெஷின்கள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. ஓரக் கட்டிலில் சிகிச்சையில் இருந்த ஒரு தையல்காரர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எங்கம்மா போயிட்ட?"

"இங்கதான் இருக்கேன். நீங்க தூங்குங்க."

நாற்காலியில் உட்கார்ந்து அப்போதுதான் மூச்சு விட்டாள்.

உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல், வெளியே போனவர்கள் எல்லாம் நேரத்தோடு வந்து சேரட்டும்; நிம்மதியாகத் தூங்குங்கள் கண்ணுகளா. நன்றாக இருங்கள்.