கல்லுக்கு முகம் வெட்டியவர்கள்

மழை ஓய்ந்த பிற்பகல். கூரை விளிம்புகளில் தொங்கிய கடைசித் துளிகள் ஒவ்வொன்றும் சாயும் கதிரவனை விழுங்கிச் சிறு சிறு விளக்குகளாய் ஒளிர, கண்ணாடிக் கடைகள் இருமருங்கும் நெருங்கி நின்ற அந்நீண்ட தெரு, துடைத்த வில்லையொன்றின் வழியே நோக்கியதுபோல் கூர்மையும் தூய்மையும் பூண்டு விளங்கியது. அத்தெருவின் முனையில், எட்டுத் தூண்கள் தாங்கிய பழைய மாளிகையில், பழங்காசு திரட்டுவோர் மன்றம் தன் ஆண்டுக் காட்சியை அன்றுதான் திறந்திருந்தது. நயமறிந்து கற்கும் நல்லீர், நனைந்த குடையை மடக்கியவாறு அம்மாளிகைப் படிகளில் ஏறிச்செல்லும் ஐம்பது அகவைப் பெண்மணியை நோக்குங்கள். அவளுக்கு நேர்ந்ததையே சொல்லப் புகுந்தோம்.

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பது அவள் தொழில். மயிரிழையினும் மெல்லிய கீறலைக் கண்டு ஒதுக்கும் அவள் கண்கள், தொழில் ஒழிந்த பொழுதெல்லாம் பழங்காசுகளில் தோய்ந்து கிடந்தன. பொன்னும் வெள்ளியும் அவளை ஈர்க்கவில்லை. உரோமப் பேரரசுக்கு அடங்கிக் கிடந்த தொலைநாட்டு ஊர்கள், ஒருபுறம் பேரரசன் தலையைப் பணிவோடு பொறித்துவிட்டு, மறுபுறம் தத்தம் மண்ணுக்கே உரிய கடவுளரைத் துணிவோடு பொறித்த வெண்கலக் காசுகளையே அவள் தேடினாள். தோள்களுக்குப் பின்னே பிறை முளைத்த கடவுளும், மாந்தத் தலை தாங்கிய பாம்பும் அவள் பேழையில் அருகருகே உறைந்தனர். அக்காசுகளுள் அவள் உயிரெனப் போற்றியது ஒன்று: நான்கு தூண் கோயிலின் நடுவே, கண்ணும் கையும் இன்றி, துணி போர்த்தித் தெய்வமாய் நின்ற கூம்புக் கல்லைப் பொறித்த காசு.

"உனக்கு மூஞ்சி இருக்கிற சாமியே கிடைக்கலையா அக்கா?" என்று அவள் தங்கை ஒருமுறை கேலி செய்தாள்.

"மூஞ்சி இருந்தா யாரைப் பார்க்குதுன்னு தெரிஞ்சிடும்டி. இது எல்லாரையும் பார்க்குது, இல்லேன்னா யாரையுமே பார்க்கலை. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

மன்றத் தலைவரோ அது கல்லே அன்று, தேய்ந்து மழுங்கிய பெண்ணுருவம் என்று தம் நூலில் எழுதி, ஈராண்டாக அவளோடு வழக்காடி வந்தார். ஆயினும் காட்சிக்கு அக்காசை வேண்டியபோது, கருத்து மாறுபட்டாலும் கண்ணியம் மாறாதென நம்பி, பத்து நாள்களுக்கு முன் அவள் அதனைத் தன் கையாலேயே கொடுத்திருந்தாள்.

அக்காசு வைத்திருந்த கண்ணாடிப் பேழைமுன் குனிந்தாள். காசிலிருந்த கோயிலின் நடுவே கல்லைக் காணவில்லை. அங்கே ஒரு பெண் நின்றாள். அவளுக்கு இரு கண்கள் இருந்தன, மூக்கு இருந்தது, மடித்த கைகள் இருந்தன. 'நிற்கும் பெண்கடவுள்' என்றது கீழிருந்த சீட்டு. மடியிலிருந்த உருப்பெருக்கும் கைவில்லையை எடுத்து நோக்கினாள். நூற்றாண்டுகள் போர்த்திய பசுங்களிம்பை ஊசிமுனை கிழித்திருந்தது. கிழிந்த பள்ளங்களில் புது வெண்கலம் மஞ்சளாய்ப் பல்லிளித்தது. மேலே தடவிய கருமையும் அதனை முழுதும் மறைக்கவில்லை. அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது.

"ஐயா, என் காசை என்ன பண்ணீங்க?"

தலைவர் புன்முறுவலோடு வந்தார். "மழுங்கிக் கிடந்ததைத் தெளிவாக்கியிருக்கோம்மா. நீங்க நன்றி சொல்லணும்."

"இது தெளிவாக்கினதா? இல்லாத கண்ணை வெட்டி வெச்சிருக்கீங்க! உங்க புத்தகம் தப்பாயிடக்கூடாதுன்னு என் கல்லைக் கிழிச்சிருக்கீங்க!"

"சத்தம் போடாதீங்க. என்கிட்ட இதைவிட நல்ல வெள்ளிக் காசு ஒண்ணு இருக்கு, எடுத்துக்கங்க."

"எனக்கு வேண்டாம். இந்தச் சீட்டை மாத்துங்க. இந்தக் காசை யார் வெட்டினது, எப்போ, யார் சொல்லின்னு எழுதி வைங்க. அது போதும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகினார். அவளோ மூலையிலிருந்த நாற்காலியொன்றை இழுத்துப் பேழையருகே இட்டு அமர்ந்தாள்.

காட்சி நடந்த மூன்று நாள்களும் தன் வில்லைக் கடையை அடைத்துவிட்டு அங்கேயே இருந்தாள். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் வில்லையைக் கொடுத்து, "அந்த மஞ்சளைப் பாருங்க" என்றாள். காவலர் எழச் சொன்னார். "என் காசுக்குப் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்" என்று அசையாதிருந்தாள். முதல்நாள் சிலர் நகைத்தனர். மறுநாள் பொற்காசுகளைப் பார்க்க வந்தவரும் அவள் மூலையிலேயே மொய்த்தனர். குரல் கம்மியது; சினம் கம்மவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், காசு துலக்கும் பணியாளர், நரைத்த தலையர், தயங்கித் தயங்கி அவள்முன் வந்து நின்றார்.

"நான்தாம்மா வெட்டினேன். படம் வரைஞ்சு குடுத்து, இந்த மாதிரி தெரியணும்னார் தலைவர். முப்பது வருஷ வேலைம்மா... முடியாதுன்னு சொல்ல வாய் வரலை."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

அவர் ஒரு தாளை வாங்கி, தாம் செய்ததையும், செய்த நாளையும், செய்யச் சொன்னவரையும் எழுதி, தம்மிடமிருந்த திறவுகோலால் பேழையைத் திறந்து, பழைய சீட்டை அகற்றிவிட்டு அதனை வைத்தார். தலைவர் ஓடிவந்தபோது, கூடியிருந்தோர் அதனைப் படித்து முடித்திருந்தனர்.

தலைவர் பதவி விலகினாரில்லை. உலகம் அத்துணை நேரியது அன்று. துலக்குநரே வேலையிழந்தார். அவள் மட்டும் உறுப்பினர் சீட்டைத் திருப்பி எறிந்துவிட்டு, காசையும் அத்தாளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியேறினாள்.

மண் அக்கல்லைப் பதினெட்டு நூற்றாண்டு காத்தது. வேரும் புழுவும் வெள்ளமும் அதன் வெறுமையை மதித்து ஒதுங்கிச் சென்றன. அறியாதவன் கை அழித்திருந்தால் பொறுக்கலாம். கற்றவன், தன் சொல் வெல்வதற்கெனச் சான்றையே வெட்டித் திருத்தினானே, அதனை எங்ஙனம் பொறுப்பது? பொறுக்க வேண்டுவதில்லை என்பதே அப்பெண்மணியின் துணிவு. இன்றும் அக்காசைக் கையிலெடுக்குந்தோறும் அவள் சினம் முதல்நாள்போலவே மூள்கிறது. அது தணியட்டும் என்று அவள் ஒருபோதும் வேண்டியதில்லை.