சூறாவளியின் வாயசைவு

சூறாவளி என்று ஜனங்கள் கொண்டாடிய அந்த நடிகன், பேசாத படங்களில் பதினேழு தடவை மலையிலிருந்து குதித்தவன். பாவம், நிஜத்தில் நாற்காலி மேல் ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும். குதிரை லாயத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு குதிரை அவனை உதறித் தள்ளியது. "அடடா, என்ன அழகா விழுறான்!" என்று ஒரு டைரக்டர் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

படத்தில்தான் சத்தம் கிடையாதே! கேமரா சுற்றும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே குதிப்பான். வில்லனுக்குச் சவால் விடுகிறான் என்று கொட்டகையில் கைதட்டுவார்கள்.

ஸ்டூடியோவில் படச்சுருளை வெட்டி ஒட்டும் பெண்மேல் அவனுக்கு உயிர். மூன்று வருஷமாக மென்று முழுங்கினானே தவிர, சொல்லவில்லை. ஒருநாள் அவளே வந்தாள். "எங்கப்பா உங்களைப் பார்க்கணுமாம். ஞாயித்துக்கிழமை வாங்க. அவருக்குக் காது கேட்காது. பொய் சொன்னா மட்டும் பிடிக்காது" என்றாள். பெரியவர் மனசு வைத்தால் கல்யாணமே நடக்கலாம் என்று அவன் தலைகால் புரியாமல் கிளம்பிப் போனான்.

"தம்பிக்கு உயரம்னா பயமே கிடையாதா?" என்று பெரியவர் உரக்கக் கேட்டார்.

"பயமா? அப்படின்னா என்னன்னே தெரியாதுங்க" என்று மார்பை நிமிர்த்தினான்.

"இருபது வருஷம் கொதிகலன் பட்டறையில சம்மட்டி அடிச்சு என் காது போச்சு. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சுப் புரிஞ்சுக்கறேன். உங்க படம் ஒண்ணு விடாம முன்வரிசையில பார்த்திருக்கேன்."

அவன் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கோட்டைச் சுவர்ல தொங்கும்போது, 'ஐயோ அம்மா, இறக்கி விடுங்கடா'ன்னீங்க. கதாநாயகியைக் கட்டிப்பிடிச்சு அழுதப்போ, 'என் காலை மிதிக்கறம்மா, தள்ளு'ன்னீங்க. கொட்டகையே மூக்கைச் சிந்துது, நான் மட்டும் உருண்டு உருண்டு சிரிக்கறேன். பக்கத்துல இருந்த அம்மா என்னை அடிக்கவே வந்துட்டாங்க."

மானம் கப்பலேறிவிட்டது. "மன்னிச்சிருங்க ஐயா, நான் சரியான பயந்தாங்கொள்ளி" என்று எழுந்தான்.

"உட்காருங்க தம்பி. போன மாசம் வந்த படத்துல, ரயில் கூரையிலேர்ந்து குதிக்கறதுக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லைங்களே."

"'செத்துத் தொலைஞ்சா அந்தக் கத்திரிக்காரிகிட்டச் சொல்லாமலே போயிடுவேனே'ன்னீங்க. அந்த ஸ்டூடியோவுல கத்திரி பிடிக்கறவ என் பொண்ணு ஒருத்திதான். அதான் கூப்பிட்டேன். இப்ப என்கிட்ட நேரா சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. டீயோடு வந்து நின்ற மகள், "என்னப்பா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான் கேட்கறாரும்மா. நீ என்ன சொல்றே?"

அவள் அப்பாவைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பெரியவர் எழுந்து வந்து சூறாவளியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, என்ன சொன்னா? கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்!" என்று அவன் அலறினான்.