கவிழ்ந்த ஏழு

“கோயில்ல அந்தக் கல்வண்டை ஏழு சுத்து சுத்தினா சம்மதம். மூணோட நின்னுட்டா வேண்டாம்னு அர்த்தம். நான் எதிர்ப்பக்கம் நின்னு எண்ணிக்கிறேன்.”

காலையில், எகிப்தின் லக்ஸர் ஊர் ஹோட்டலில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது வகீஹ் இதை இன்ஷிராவின் காதில் போட்டான். போட்ட பதற்றத்தில் கரண்டியையும் ஃபூல் மொச்சைக் குழம்பு அண்டாவுக்குள் போட்டுவிட்டு, வெறும் ரொட்டியோடு ஓடிப்போனான்.

வகீஹ் தந்தா ஊரில் கணக்கு வாத்தியார். இன்ஷிரா வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இரண்டு வருடமாக அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவன். ஒரு மாதத்து மாத்திரையை நாலு தவணையாக வாங்குவான். காரணம் அவளுக்கும் தெரியும்.

இப்போது குவைத்தில் ஒரு பள்ளிக்கூடம் அவனைக் கூப்பிட்டிருந்தது. இன்று மாலைக்குள் பதில் சொல்லவேண்டும். இன்ஷிரா சம்மதித்தால் வெள்ளிக்கிழமை அம்மாவோடு பெண் கேட்க வருவான். இல்லாவிட்டால் நான்கு வருடம் குவைத்.

வாயால் சொல்ல வழியில்லை. ஆசிரியர் சங்கச் சுற்றுலாவுக்கு அவளை அழைத்து வந்த தஹானி அத்தை, காலில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி கூடவே இருந்தாள். வகீஹின் பள்ளிக்கூடத்திலேயே அரபி டீச்சர். அவள் கைவசம் ஒரு பல் டாக்டர் மாப்பிள்ளை வேறு இருந்தான். வெள்ளிக்கிழமையை அவனுக்குத்தான் ஒதுக்கியிருந்தாள். தன் போன் உயிரை விட்டதால் இன்ஷிராவின் போனைப் பிடுங்கிக்கொண்டு, கர்னாக் கோயிலில் தூணுக்குத் தூண் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். செய்தி அனுப்பினால் நேராக அத்தையின் மூக்குக்குக் கீழேதான் வந்து விழும்.

ஆகவே கல்வண்டுதான் கதி.

ஏரிக்கரையில், பீடத்தின் மேல் அந்த வண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒரே ஜனத்திரள். “மூணு சுத்து அதிர்ஷ்டத்துக்கு! ஏழு கல்யாணத்துக்கு!” என்று வழிகாட்டி கத்தினான்.

“போடி, ஏழு சுத்து,” என்று அத்தையே அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். “டாக்டர் நல்லபடியா அமையட்டும்.”

பிறந்ததிலிருந்து அத்தை சொல்லை இன்ஷிரா இவ்வளவு வேகமாகக் கேட்டதில்லை.

ஒன்று. இரண்டு. எதிர்ப்பக்கம் வகீஹ், தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு வெளுத்த முகத்தோடு நின்றான். மூன்றாவது சுற்று முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். அவள் நிற்காமல் நாலாவதில் காலெடுத்து வைத்தாள். கண்ணைத் திறந்தவன் பாட்டிலைக் கீழே போட்டான்.

இன்ஷிராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓடவே ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து அத்தை அவளை வெளியே இழுத்தாள்.

“உங்கம்மா வீடியோவுல இருக்கா. கை ஆட்டுடி!”

“அத்தை, எண்ணிக்கிட்டிருக்கேன்!”

“எண்ணிக்கை எங்க போகுது? ஆட்டு!”

கையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் கூட்டத்துக்குள் புகுந்தாள். போனது நாலா, ஐந்தா? அரைச் சுற்றைச் சேர்ப்பதா, விடுவதா? பக்கத்தில் சுற்றிய குண்டு மனிதர், “எனக்கு ஒம்பதோட கணக்கு போச்சும்மா. பெண்டாட்டி நிறுத்தச் சொல்ற வரைக்கும் சுத்தறேன்,” என்று மூச்சு வாங்கினார். ஏரி சுற்றியது, தூபி சுற்றியது, வண்டு மட்டும்தான் சும்மா இருந்தது.

ஒருவழியாக அவள் தள்ளாடி நின்றபோது, வகீஹ் பீடத்துக்குச் சற்று விலகி, எதிரே அவளைப் பார்த்தபடி ஆறு விரலைக் காட்டி, தலையைச் சொறிந்து, எட்டாக்கி, திரும்ப ஐந்தாக்கினான். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு உதைத்தது. அவளால் விரல் காட்ட முடியாது. ஒரு கை, வந்து பிடித்துக்கொண்ட அத்தையிடம். இன்னொன்றில் அத்தையின் பை. செருப்பு நுனியால் புழுதியில் பெரிதாக ஏழு எழுதினாள். நட்ட கவட்டைக் கம்பு மாதிரி இரண்டே கோடு: ٧.

எழுதியவளுக்கு அது ஏழு. எதிரே நின்றவனுக்குக் கவிழ்ந்த ஏழு. அரபியில் கவிழ்ந்த ஏழுக்குப் பெயர் எட்டு.

வகீஹ் அதையே உற்றுப் பார்த்தான். புருவம் நெரிந்தது. பிறகு முகம் பளிச்சென்று மலர, வாசலைப் பார்த்து ஓட்டமெடுத்தான்.

சம்மதம் என்று சொன்ன மறு நிமிடமே ஓடுகிறானா! இன்ஷிராவுக்கு வந்த கோபத்தில் தலைசுற்றல்கூட நின்றுவிட்டது.

“அத்தை, எனக்கு வாந்தி வருது,” என்று கையை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

வாசலுக்கு வெளியே பேருந்துகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் காகிதத்தில் ஒரு எண். அவர்களுடைய வண்டி மூன்று. அதில் ஆளில்லை. கடைசியில் ஒரு வண்டி கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலில், ஸோஹாக் ஊரிலிருந்து சுற்றுலா வந்த பெண்கள் நடுவில் மடி நிறையக் கொய்யாப்பழத்தோடு வகீஹ்!

“இறங்குங்க!” என்று ஜன்னலை அறைந்தாள். “பிடிக்கலேன்னா நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? யார் வண்டியிலயோ ஏறி ஓடுவீங்களா?”

“ஓடறேனா? நீதானே எட்டுன்னு எழுதினே! அத்தை கண்ணுல படாம எட்டாம் நம்பர் வண்டிக்கு வரச்சொல்றேன்னு நெனச்சேன். ஏறினதும் இவங்க விடமாட்டேங்கறாங்க!”

“பொண்ணு வர்ற வரைக்கும் சாப்பிடுன்னோம். தப்பா?” என்றாள் ஜன்னலோரத்துப் பெரியம்மா. “அவன் கதை பூரா சொல்லிட்டான். நீ என்ன சொல்றே, அதைச் சொல்லு.”

“எட்டா? நான் எப்ப எட்டு...”

பாதியில் நிறுத்தினாள். வண்டியின் முன்கண்ணாடியில் கூரை மாதிரி இரண்டு கோடு: ٨. பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். ஓடிப்போய் அந்தக் காகிதத்தைச் சரக்கென்று கிழித்து, தலைகீழாகத் திருப்பி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

வகீஹ் ஒரு கணம் பார்த்தான். எழுந்தான். கொய்யாப்பழங்கள் வண்டி முழுக்க உருண்டன.

“ஏழுடி! ஏழு!” என்று பெரியம்மா அலற, ஐம்பது பெண்களும் ஒரே மூச்சில் குலவையிட்டார்கள். ஓட்டுநர் காதைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் தஹானி அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கையில் போன். போனில் இன்ஷிராவின் அம்மா இன்னும் இருந்தாள்.

“என்னடி கூத்து இது? வெள்ளிக்கிழமை டாக்டர் வர்றாரு!” என்றாள் அத்தை.

“தஹானி, நீ சும்மா இரு. போனை அவகிட்ட குடு,” என்றது போன். “யாருடி அது? அந்த மாத்திரை வாத்தியாரா?”

“அவர்தான்ம்மா. நான் எழுதின ஏழை எட்டுன்னு படிச்சுட்டு இந்த வண்டியில ஏறிட்டார். வெள்ளிக்கிழமை வரட்டுமா?”

“வரட்டும். டாக்டருக்கு உங்கத்தையே பல்லைக் காட்டிக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன்டி. கணக்கு வாத்தியாருக்கு ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியலியா?”

“எதிர்ல நின்னா எட்டும்மா. பக்கத்துல நின்னா ஏழுதான்.”

வகீஹ் படியிலிருந்து குதித்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா,” என்று ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். “என் நம்பரைக் குடுத்துட்டுப் போ!”