தம்பிக்கு எடுத்துவைத்த பால்

மோகனப்பிரியாவுக்கு முப்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது. மகள் தேஜாவுக்கு இரண்டேகால். தேஜா இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள் என்பது பீளமேட்டில் அந்த அபார்ட்மெண்ட் முழுக்கத் தெரியும். மாமியார் ராசாத்தாள் இருக்கும்போது தனியாகத் தண்டோரா எதற்கு? "ஸ்கூல் வேன்ல ஏற வேண்டிய புள்ளைங்க, இன்னும் மடிய விட்டு எறங்கல" என்று லிப்டுக்குள் நின்றே சொல்லிச் சிரிப்பாள்.

ஏழு வருடம் ஊசியும் மாத்திரையுமாக அலைந்து பெற்ற பெண் அது. இன்னொன்று வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவள் மோகனப்பிரியாதான். அவள் ஒற்றைப் பிள்ளை. அப்பா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கூட நின்று அழ ஒரு ஆள் இல்லை. தேஜாவுக்கு அந்த கதி வரக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

ஒரு வருடமாகியும் எதுவும் தங்கவில்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பால் குடுக்கறதால கருமுட்டை சரியா வெடிக்கறதில்லைங்க. உங்க வயசுக்கு இனிக் காத்திருக்கவும் முடியாது. பால நிறுத்திப்போட்டு வாங்க."

"வேப்பெண்ணெயத் தடவு அம்மணி, ரெண்டே நாளு" என்றாள் ராசாத்தாள். "உம்புருசன் சுரேந்தருக்கு அப்படித்தான் மறக்கடிச்சேன்."

மோகனப்பிரியா கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிக்கூட வைத்தாள். மனசு வரவில்லை. பெற்ற கையாலேயே குழந்தையின் வாயில் கசப்பை வைப்பதா? அதற்கு ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

"கண்ணு, இனிமே இது தம்பிப் பாப்பாவுக்கு. நீ பெரிய அக்கால்ல? தம்பிக்கு வெச்சிரலாமா?"

தேஜா யோசித்தாள். பிறகு மடியை விட்டு இறங்கி, அம்மாவின் நைட்டி ஜிப்பைத் தானே மேலே இழுத்துவிட்டாள். குழந்தை அடம் பிடிப்பாள் என்று லீவு போட்டிருந்த சுரேந்தர், "அட, அவ்வளவுதானா?" என்றான்.

பெற்றவளுக்குத்தான் ஆறவில்லை. பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பால் வற்ற வேண்டும் என்று ராசாத்தாள் சத்தியமங்கலத்து மல்லிகையை வாங்கிவந்து மார்போடு வைத்துக் கட்டிவிட்டாள். பூ உள்ளேயே கிடந்து வாடியது. "தம்பிக்குப் பூவா?" என்று தேஜா மோந்து பார்த்தாள். மோகனப்பிரியா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாலை நிறுத்திய மூன்றாம் மாதம் நாள் தள்ளிப்போனது. பதினோராம் நாள், கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. சுரேந்தர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பதினான்காம் நாள் காலை, கல்லில் தோசை வெந்துகொண்டிருக்கும்போதே அவளுக்கு இடுப்பைப் பிடித்து இழுத்தது. பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாம் போய்விட்டது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா இந்த முறை சுற்றி வளைத்துப் பேசினார். முட்டை அநேகமாகத் தீர்ந்துவிட்டது, இனி நம்ப வேண்டாம் என்பதுதான் அதன் சாரம்.

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து மோகனப்பிரியா மார்பை அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு வந்தது. வராத பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையைப் பட்டினி போட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"தேஜாக் கண்ணு, இங்க வா. பால் குடிக்கறயா?"

குழந்தை ஓடிவந்து மடியில் ஏறினாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு தரம் எச்சில் விழுங்கினாள். அப்புறம் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தம்பிக்கு வேணும்மா."

"தம்பி வரமாட்டான் கண்ணு. நீயே குடி."

"வருவான்" என்றாள் தேஜா. ஜிப்பைப் பிடித்து மேலே இழுத்தாள். பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்து, கழுத்துவரை மூடிவிட்டுத்தான் விளையாடப் போனாள்.