நாற்பத்திரண்டாவது விண்ணப்பம்

1

இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பிழையில் தொடங்கியது. பிழை என்னுடையது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள முயன்றால் நீங்கள் பிடித்துவிடலாம்.

அமெரிக்காவில், சவானா துறைமுகத்தில் பத்தொன்பது வருடம், கப்பலில் ஏறும் சரக்குப் பெட்டகங்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டும் வேலை பார்த்தேன். ஒரு கம்பி அறுந்து இரண்டு விரலைக் கொண்டுபோனது. அதன் பிறகு தொழிற்சங்க அலுவலகத்தில் மேசை வேலை. யாரும் உச்சுக்கொட்டவில்லை. மறுவாரமே எனக்கு ‘எட்டு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

வைத்தவர் ஹோசியா டார்வர். பதினோரு வருடம் எங்கள் சங்கத் தலைவர். மேற்குப் பக்கத் தெருக்களுக்குச் சாக்கடைக் குழாய் வரவைத்தவர். தேர்தல் நாளில் நடக்க முடியாதவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுப் போடவைத்தவர். இருபத்தோரு வயதில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்.

‘திரும்பியவர்’ என்று எழுதிவிட்டேன். திருப்பி அனுப்பப்பட்டவர் என்பதுதான் சரி. அவரைப் படையிலிருந்து விடுவித்த தாளில் ‘விரும்பத்தகாதவர்’ என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லோடு வந்த கறுப்பு ஆண்கள் நிறையப் பேர். அது இருந்தால் படைவீரர் மருத்துவமனைக் கதவு திறக்காது. படைவீரர் கல்லறையிலும் இடமில்லை.

சொல்லை மாற்றச் சொல்லி ஒரு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டார்வர் அவர்களை ஒவ்வொருவராகச் சங்க அலுவலகத்துக்கு அழைத்துவருவார். அவர் கேட்பார், அவர்கள் சொல்வார்கள், நான் தட்டுவேன். நாற்பத்தோரு பேர். முப்பத்து மூன்று பேருக்குச் சொல் மாறியது.

தனக்காக அவர் விண்ணப்பித்ததே இல்லை. ஏன்? இந்தக் கதையில் மர்மம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: “கொட்டும் மழையில் டார்வர் துப்பாக்கியை உயர்த்தி

நிறுத்திவிட்டேன். அவர் கையில் பெரும்பாலும் இருந்தது மண்வெட்டி. மணல் மூட்டை நிரப்பினார்.

இரண்டாம் தொடக்கம்: “அநீதிக்கு அடிபணியாத அந்த

இது கதை இல்லை, சுவரொட்டி.

மூன்றாவது, சாப்பாட்டு வரிசை. இதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வியட்நாமில் கறுப்பு வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கை கொடுக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். முஷ்டியோடு முஷ்டி, மேலே, கீழே, உள்ளங்கை, நெஞ்சு. முழுதாகச் செய்தால் ஒரு நிமிடம் பிடிக்கும். டார்வரும் டுப்ரீ என்கிற இன்னொருவரும் வரிசையில் நின்று அதைச் செய்துகொண்டிருந்தபோது, “வரிசை நகரல, நிறுத்துங்கடா” என்று கத்தினான் ஒரு லெப்டினன்ட். இருவரும் நிறுத்தினார்கள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

கீழ்ப்படியாமை என்று வழக்கு. ஒன்று இராணுவ நீதிமன்றம். இல்லையென்றால் ‘விரும்பத்தகாதவர்’ தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு.

ஊர்க் கதை இங்கே முடியும், கைதட்டலோடு. [அந்தக் கையெழுத்து எப்படி விழுந்தது என்று யாரும் கேட்டதில்லை. முப்பது வருடமாகப் பக்கத்தில் இருந்த நானும் கேட்கவில்லை. கைதட்டிக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்பது கஷ்டம்.]

3

இந்த வசந்தத்தில் டார்வருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மூக்கில் குழாய், கையோடு இழுத்துக்கொண்டு போக ஒரு உருளை. டாக்டர் ஒன்றரை வருடம் என்றார். வாரியம் பதில் போட ஒரு வருடம் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு அவர் மனைவி வெர்டெல் அக்கா அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

“எட்டு, டார்வருக்கு ஒரு விண்ணப்பம் அடி.”

“தலைவர் திட்டுவாரே அக்கா.”

“திட்டட்டும். திட்டறதுக்கு மூச்சு வேணும்ல? அது எங்க இருக்கு அந்த மனுஷன்கிட்ட?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நம்ம சபைக் கல்லறையில கடல் தண்ணி ஏறுது, தெரியும்ல? லாமரோட குழி போன வருஷம் ஒரு முழம் எறங்கிருச்சு. பெத்த புள்ள தண்ணிக்குள்ள கெடக்கான். மழை பேஞ்சா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. ப்யூஃபோர்ட்ல படைக்காரங்க கல்லறை மேட்டு நெலம். பொண்டாட்டிக்கும் பக்கத்துலயே எடம். நாங்க ரெண்டு பேராவது காஞ்ச மண்ணுல கெடக்கணும்டா.”

பழைய விண்ணப்பம் ஒன்றைக் கணினியில் திறந்தேன். பேரை மாற்றினேன், தேதிகளை மாற்றினேன். மற்றதெல்லாம் அப்படியே வந்தது. நாற்பத்தோரு முறை நான் அடித்த ஒரு வாக்கியமும் கூடவே வந்தது: “கையெழுத்திடும் முன் எந்த வழக்கறிஞரும் என்னிடம் பேசவில்லை.”

டார்வர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வரி வரியாகப் படித்தார். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது யாரோட கதை, எட்டு?”

4

அலுவலகத்தின் பின்படியில் உட்கார்ந்தோம். அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் நடுவில். மத்தியான வெயில். தூரத்தில் பாரந்தூக்கி ஒரு பெட்டகத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தது.

(அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாம். பாரந்தூக்கி யோசிக்காது. டிரைவர் சாப்பிடப் போயிருப்பான்.)

“வக்கீல் வந்தான்,” என்றார் டார்வர். “பட்டாளத்து வக்கீல். முகம் பூரா பரு. என்னைவிட நாலு வயசு கூட இருந்தா ஜாஸ்தி. ‘போடாத டார்வர், இந்தக் கேஸ் நிக்காது, ஜெயிச்சுடலாம்’னான். டுப்ரீ அவன் பேச்சைக் கேட்டான். அஞ்சு மாசம் உள்ள கெடந்தான். ஜெயிச்சான். சுத்தமான தாளோட வந்தான்.”

“நீங்க?”

“அன்னிக்கே போட்டுட்டேன். பேனாகூட வக்கீலோடதுதான்.”

எழுதுகிறவனுக்குச் சில சமயம் காரணம் முன்னாலேயே தயாராகிவிடுகிறது. எனக்கும் ஆகிவிட்டது. இங்கே ஒரு கடிதம் வரும், வெர்டெல் எழுதியது, சீக்கிரம் வா என்று…

“வெர்டெல் அக்காவுக்காகவா தலைவரே?”

அவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் குழாய் கழன்று விழுந்தது. “அவளை நான் பாத்ததே எழுவத்து நாலுல, முட்டாப் பயலே! சபையில மீன் பொரிச்சுப் போட்டாங்க. என் தட்டுல மட்டும் வாலை வச்சா.”

“அப்ப ஏன்?”

“அலுப்பு.” குழாயை மாட்டிக்கொண்டார். “ஈரமில்லாத படுக்கையில ஒரு நாள் படுக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல.”

கதை எழுதுகிறவனாக எனக்கு ஏமாற்றம். கம்பி இழுத்தவனாக எனக்கு ஏமாற்றமே இல்லை. இரட்டை ஷிப்டு முடிந்து இறங்குகிறவனிடம் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்து விழும். நானும் போட்டிருக்கிறேன்.

“அதைத்தான் அந்த வரியும் சொல்லுது. கட்டாயத்துல போட்டதுதானே? ஒரு வரி தலைவரே. யாரு போய்ப் பாக்கப் போறா?”

“டேய். நாப்பத்தோரு பேரு முன்னாடி ஒக்காந்து, ‘நெசத்தை மட்டும் சொல்லு, இல்லேன்னா எந்திரிச்சுப் போ’ன்னவன் நான். அதுபோக ரெண்டு பேரை எந்திரிக்க வச்சு அனுப்பியும் இருக்கேன். அதுல ஒருத்தன் மூணு வருஷம் என்கிட்ட பேசல. செத்தும் போயிட்டான்.” கடலைத் தோலைப் படியில் அடுக்கினார். “அதை எடு. நடந்ததைப் போடு. கையெழுத்துப் போடறேன்.”

“வாரியம் ஒத்துக்கலைன்னா?”

“ஒத்துக்க வேணாம்.”

“அக்காகிட்ட என்ன சொல்றது?”

கடைசிக் கடலையை உரித்து என்னிடம் நீட்டினார். பிறகு, “நீ ஒண்ணும் சொல்லாத,” என்றார்.*

* வாரியம் தள்ளிய எட்டு விண்ணப்பங்களை அன்று மாலை எடுத்துப் பார்த்தேன். ஆறு பேரிடம் உண்மையில் வழக்கறிஞர் வந்து பேசியிருந்தார். அந்த ஆறு பேருக்கும் நான் இதே வாக்கியத்தை அடித்திருந்தேன். வழக்கறிஞர் வந்தது வாரியத்தின் பதிவேட்டில் இருந்திருக்கிறது; பொய் என்று தள்ளிவிட்டார்கள். மற்ற முப்பத்து மூன்று பேருடைய பதிவேடு பாதிக்கு மேல் தொலைந்துபோய்விட்டது. டார்வருடையது இருக்கிறதா, தொலைந்ததா, யாருக்கும் தெரியாது.

5

இன்று காலை அவர் கையெழுத்துப் போட்டார். “எடுத்துட்டியா?” என்றார். “எடுத்தாச்சு” என்றேன். அப்போது அது உண்மை.

விண்ணப்பம் இரண்டு தாள். விவரம் முதல் தாளில், கையெழுத்து இரண்டாவதில். அவரை வீட்டில் விட்டு வந்தபின் முதல் தாளை இரண்டு விதமாக அச்சிட்டேன். ஒன்றில் பழைய வாக்கியம். இன்னொன்றில் அவர் சொன்னது: “வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்திடாதே என்றார். நான் களைத்திருந்தேன். கையெழுத்திட்டேன்.”

வெர்டெல் அக்கா தபால் நிலையத்துக்குப் போக வந்துவிட்டார்.

“போட்டாரா?”

“போட்டாரு.”

“ஜெயிக்கிற மாதிரி அடிச்சிருக்கியா?”

நான் உறையைத் தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்தேன்.

“என்னடா முழிக்கிற? முப்பத்து மூணு பேரை மேட்டுல ஏத்தி விட்டுட்டு என்னைத் தண்ணியில தள்ளிடாத. வண்டியை ஸ்டார்ட் பண்றேன், வா.”

6

முடிவுகள்.

பழைய வாக்கியம் போகிறது, சொல் மாறுகிறது. டார்வர் கடிதத்தைப் படிக்கிறார். வாரியம் தன் காரணத்தை எழுதியிருக்கும். எந்த வரியால் ஜெயித்தோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் என்னைத் திட்டமாட்டார். கூப்பிடவும் மாட்டார். இரண்டு பேரும் காய்ந்த மண்ணில்.

அவர் வாக்கியம் போகிறது. வாரியத்தில் ஐந்து பேர். ஐவரில் ஒருவராவது என்றைக்காவது களைத்துப்போய் எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன்: டார்வர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்கிறார், அவரும் கண்ணீரோடு, “நீங்க இருக்கிற தண்ணியே எனக்குப் போதும்…” கிழித்துவிட்டேன். வெர்டெல் அக்கா இதைப் படித்தால் என்னைக் கரண்டியால் அடிப்பார். அவருக்கு வேண்டியது மேட்டு நிலம். அதைக் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

இதை எதற்கு எழுதினேன் என்று இப்போதுதான் எனக்கே பிடிபடுகிறது. எந்தத் தாளை அனுப்பினாலும் அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கப்போகிறது. தனியாகப் பாரம் தூக்கக்கூடாது என்பது துறைமுகத்தில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். அதனால் உங்களை இழுத்தேன். நான்கு பக்கம் வந்துவிட்டீர்கள். இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

வெளியே ஹாரன் அடிக்கிறார். கையெழுத்துத் தாள் உறைக்குள் போய்விட்டது. முதல் தாள்கள் இரண்டும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து நீட்டுங்கள். நான் உறையை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.