செவிடன் காதில் சங்கு

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் தாமரை ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. கைப்பைக்குள் தைலம், பஞ்சு, கட்டுத்துணி, குளுக்கோஸ் பாக்கெட். பெற்ற மகள் கோதாவில் இறங்கிச் சண்டை போடப் போகிறாள் என்றால் ஒரு தாய் வேறு எதைத்தான் எடுத்துப் போவாள்? பக்கத்தில் அவளுடைய தம்பி யுகேந்திரன் கல்யாணத்துக்குப் போகிறவன் போல இஸ்திரி போட்ட சட்டையோடு, கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்துக் கடலையைக் கொறித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டு வந்தா பிள்ளை பயந்துரும் லா."

"பயந்து விட்டுட்டா நல்லதுதான்."

ஷாமினி அவளுக்கு ஒரே மகள். பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சாயங்காலமானால் ஜிம்முக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவாள். பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் சேலை ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த தாமரைக்கும் அதில் ஒரு பெருமை. பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்கிறதே என்று வாடிக்கைக்காரப் பெண்களிடம் சொல்லிக்கொள்வாள். போன வருடம் ஒருநாள் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு பிள்ளை படியேறி வந்தபோதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. ஜிம்மும் இல்லை, ஒன்றும் இல்லை. சுங்கை வேயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடி ரெஸ்லிங் பழகுகிறார்களாம். ஒருத்தரை ஒருத்தர் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்களாம், அதுவும் சந்தோஷமாக.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டையும் ஓய்ந்து, சமாதானமும் வராமல், இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். முடிவில் ஷாமினிதான் இறங்கி வந்தாள்.

"ஒரு தடவை வந்து பாருங்கம்மா. பார்த்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா விட்டுடறேன். சத்தியமா."

தாமரை சரி என்றாள். பதிலை முடிந்து வைத்துக்கொண்டுதான் ரயிலேறினாள். வேணாம் என்று ஒரு வார்த்தை, அதோடு இந்தக் கூத்து முடிந்தது. மகள் போட்ட நிபந்தனை ஒன்று வேறு இருந்தது. என்ன நடந்தாலும் கத்தக் கூடாது.

சுபாங் தாண்டியதும் வெயில் சாய்வாக ஜன்னலுக்குள் வந்தது. ரயிலின் ஆட்டத்தில் தாமரைக்குக் கண் சொக்கியது. செம்பனை மரங்களும் கிடங்குக் கூரைகளும் ஓடி ஓடி ஒன்றாகக் கலந்தன. கிள்ளான் என்று நினைத்தாலே அவளுக்கு முதலில் வருவது ஊர் அல்ல, அவள் வளர்ந்த வீட்டுக் கூடத்து நீல வெளிச்சம்தான்.

தொண்ணூறுகளில் வாரம் ஒருநாள் அவர்கள் வீட்டில் குஸ்தி நாள். அப்பா ரெங்கசாமி துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிறவர். மற்ற நாளெல்லாம் வந்த வேகத்தில் படுத்துவிடுவார். குஸ்தி நாளில் மட்டும் குளித்து, திருநீறு பூசி, துவைத்த கைலி கட்டி, டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்காருவார். பூசைக்குக் கூட மனுஷன் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்தது கிடையாது. கூடத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். அறை முழுக்க நீலம் பரவும். அந்த நீலத்துக்குள் அப்பாவும், அவளும், தம்பியும் மூன்று மீன்களாக உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளைக்காரன் ஒருத்தன் மூச்சு விடாமல் இங்கிலீஷில் வர்ணனை செய்வான். ஒரு சொல்லும் அப்பாவுக்குப் புரியாது, அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

அப்பாவுக்கு உயிரான ஆள் ஒருத்தன் இருந்தான். செம்பட்டை முடி, பச்சைக் கால்சட்டை, வாகை மரம் போல உடம்பு. அவன் பெயர் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. நியாயமாகச் சண்டை போட்டு எதிராளியைச் சாய்த்துவிடுவான். சாய்த்த கையோடு, கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கி அப்படியே நிற்பான். அங்கேதான் வினை. கீழே விழுந்தவன் மெள்ள எழுந்து, இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலிருந்து வருவான். நடுவருக்கு அப்போது பார்த்துத்தான் வேறு பக்கம் வேலை வரும்.

"டேய், பின்னால பாருடா. பின்னால பாரு."

அப்பா எழுந்து நின்று கத்துவார். அவன் திரும்ப மாட்டான். நாற்காலி முதுகில் இறங்கும். அப்பா தன் தலையில் தானே அடித்துக்கொண்டு, "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று உட்காருவார். வாராவாரம் இதே கதை. அப்படித்தான் அவனுக்குச் செவிடன் என்று பெயர் நிலைத்தது. "இன்னிக்குச் செவிடன் வரானா?" என்று கேட்டுக்கொண்டேதான் அப்பா செருப்பைக் கழற்றுவார்.

ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவன் வெள்ளக்காரன். நீங்க தமிழ்ல கத்துனா அவனுக்கு எப்படிங்க விளங்கும்?"

அப்பா யோசித்தார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தாமரையைக் கூப்பிட்டு, இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். ஒரு வாரம் முழுக்க, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும், பாடம் நடந்தது. அடுத்த குஸ்தி நாளில் நாற்காலி எழும்பியதும் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "லுக்கு பிஹைண்டு, லுக்கு பிஹைண்டு" என்று தெருவே அதிரக் கத்தினார்.

செவிடன் திரும்பவில்லை.

அன்றைக்கு அப்பா தலையில் அடித்துக்கொள்ளவில்லை. வெகு நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நெசமாவே காது கேக்காது போல. பாவம், அவனைப் போய் இத்தனை நாளா ஏசிட்டேனே" என்றார். அதிலிருந்து செவிடனை அவர் ஒரு வார்த்தை திட்டியது கிடையாது. கத்துவதை மட்டும் விடவில்லை. எல்லாம் நடிப்பு என்று துறைமுகத்தில் யாரோ சொன்னபோதும் அப்பா அசரவில்லை. "நடிப்புன்னா வலிக்காதா?" என்று கேட்டார்.

"அக்கா, கிள்ளான் வந்துருச்சு."

தாமரை கண் விழித்தாள். அப்பா செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பேத்தியை அவர் பார்த்ததுகூட இல்லை.

சண்டை நடக்கும் மண்டபம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஏதோ ஒரு சங்கத்தின் பழைய மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே கண்ணைக் குத்தும் வெயில், உள்ளே கறுப்புத் துணி போட்டு ஜன்னலெல்லாம் மூடியிருந்தார்கள். நடுவில் கயிறு கட்டிய கோதா. அதற்கு மேலே ஒரே ஒரு நீல விளக்கு. தாமரை வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டுக் கூடத்து நீலம் அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. யாரோ கைலியோடு சப்பணமிட்டு முன்வரிசையில் இருப்பார்கள் என்று ஒரு கணம் அவள் தேடினாள். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் பாக்கெட்டில் ஐஸ் தேத்தண்ணி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா இருந்திருக்கணும்" என்றான் யுகேந்திரன். அவனுடைய இடது முழங்கை இன்றைக்கும் கொஞ்சம் கோணல். சின்ன வயதில் டிவி குஸ்திக்காரனைப் போல அலமாரி மேலேயிருந்து மெத்தைமேல் குதித்து, மெத்தையைத் தவறவிட்டதில் வந்த கோணல். அந்தக் கையைத்தான் தாமரை ஒரு வருடமாக மகளுக்கு உதாரணம் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைக்காரனோ விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

ஷாமினி வந்தாள். சிவப்பு உடை, நெற்றியில் பெரிய பொட்டு. அந்த உடையைத் தைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சியபோது தாமரை முடியாது என்று சொல்லியிருந்தாள். தானே தைத்துக்கொண்டிருக்கிறாள் போல. இடது தோளில் தையல் நெளிந்து போயிருப்பது நாலாவது வரிசையிலிருந்தே தாமரையின் கண்ணில் பட்டது. எதிரே வந்தவள் ஜூலி என்ற சீனப் பெண். கறுப்பு உடை, கறுத்த உதடு, பார்த்த பார்வையிலேயே வில்லி. அவள்தான் ஷாமினியின் நெருங்கிய தோழி, போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து முறுக்கை டப்பாவோடு தீர்த்தவள் என்பது தாமரைக்குத் தெரியும். தெரிந்து என்ன, அவள் ஷாமினியின் முடியைப் பிடித்து இழுத்தபோது கொடுத்த முறுக்கையெல்லாம் திரும்பக் கேட்கத் தோன்றியது.

கோதாவின் பலகை அதிர்ந்தது. ஷாமினி விழுந்தாள். ஒவ்வொரு விழுகையும் தாமரையின் முதுகில் வந்து இறங்கியது. வேணாம், வேணாம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்த நீலத்துக்குள் பார்க்கப் பார்க்க, விழுகிறவள் தன் மகள்தானா என்று ஒரு மயக்கம் வந்தது. கழுத்துப் பட்டையோடு படியேறி வந்த பிள்ளை இல்லை இது. இவள் கயிற்றில் மோதித் திரும்பி வரும்போது தண்ணீரில் நீந்துகிறவளைப் போல இருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். வீட்டில் அந்த முகத்தைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

ஷாமினி ஜூலியைத் தூக்கிச் சாய்த்தாள். மண்டபம் ஆர்ப்பரித்தது. ஷாமினி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அப்படியே நின்றாள்.

பின்னால் ஜூலி மெள்ள எழுந்தாள். கையில் இரும்பு நாற்காலி. நடுவர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினார்.

கத்தக் கூடாது என்பது தாமரைக்கு ஞாபகம் இருந்தது. எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது என்பதும் தெரியும். ஆனால் அவள் எழுந்து நின்றாகிவிட்டது. வாயிலிருந்து வந்தது அவள் குரலே இல்லை, கப்பல் தளத்தில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன அப்பாவின் குரல்.

"அடியே, பின்னால பாருடி."

ஷாமினி திரும்பினாள்.

மண்டபம் கப்சிப் என்றானது. ஓங்கிய நாற்காலியோடு ஜூலி சிலையாக நின்றாள். அவளுக்கு நேரே ஷாமினி. இப்படி ஒரு கட்டம் அவர்கள் பாடத்திலேயே கிடையாது. ஜூலிதான் முதலில் சுதாரித்தாள். நாற்காலியைத் தாழ்த்தி, நாலாவது வரிசையைப் பார்த்து, முறுக்கு கேட்ட அதே குரலில் சொன்னாள்:

"ஆன்டி, இப்படிலாம் கத்தக் கூடாது, கென்னோட் லா."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. ஷாமினிக்கும் அடக்க முடியவில்லை. அம்மாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அசந்த நேரத்தில் ஜூலி அவள் காலை வாரி உருட்டி அமுக்கினாள். நடுவர் பலகையில் தட்டி மூன்று எண்ணி முடித்தார். ஷாமினி தோற்றாள்.

ஆட்டமெல்லாம் முடிந்து, மண்டபத்துக்குப் பின்னால் நடைபாதையில் ஷாமினி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். யுகேந்திரன் நாசூக்காகத் தள்ளிப்போய்க் கச்சாங் பொட்டலத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தாமரை மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கைப்பையைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"சாரிடி. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"பரவால்லம்மா. எப்படியும் நான்தான் தோக்கணும்."

"அவ நாற்காலியோட வரது உனக்குத் தெரியும்ல. அப்புறம் எதுக்குத் திரும்பின?"

"நீங்க கூப்பிட்டீங்களே."

தாமரை மகளின் தோள் துண்டைச் சரிசெய்தபடி கேட்டாள்: "உள்ள நிக்கிறப்போ நாங்க கத்துறதெல்லாம் கேக்குமா?"

"எல்லாம் கேக்கும்மா. முன்னால இருக்கற பிள்ளைங்க அழுகுறதுகூடக் கேக்கும். கேக்காத மாதிரி நிக்கணும், அதுதான் ரொம்பக் கஷ்டம். விழுகுறதெல்லாம் பழகிடும்."

வெளியே கிள்ளான் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. தாமரை அந்தப் பச்சைக் கால்சட்டைக்காரனை நினைத்தாள். எங்கேயோ ஓர் அரங்கில், ஆயிரம் பேர் பின்னால் பார் பின்னால் பார் என்று தொண்டை கிழியக் கத்த, அத்தனையும் காதில் விழ, கையை உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறான். அவன் செவிடன் இல்லை. அப்பாவுக்கு அது தெரியாமலே போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஷாமினி பயந்துபோய்த் துண்டின் நுனியைத் திருகினாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தவள் அவள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"சொல்லுங்கம்மா. விட்டுடணுமா?"

"அந்தச் சட்டையைக் கழட்டிக் குடு" என்றாள் தாமரை. ஷாமினியின் முகம் விழுந்தது. "தோள்ல என்ன தையல் போட்டு வெச்சிருக்க? கையைத் தூக்குனா பிரியுது. நான் பிரிச்சுத் தைக்கிறேன்."

ஷாமினி அம்மாவையே பார்த்தாள்.

"அடுத்த தடவையும் நான் கத்துவேன்" என்றாள் தாமரை. "எங்கப்பா மாதிரியே கத்துவேன். உனக்குக் கேக்கும். ஆனா நீ திரும்பக் கூடாது."